நுவரெலியா கோட்டா தோட்டத்துப் பிள்ளைக்கு எவ்வளவு உதவும்?

"நுவரெலியாவுக்கு வெட்டுப்புள்ளி குறைவு, அங்கே கெம்பஸ் கிடைப்பது லேசு" என்று வெளிமாவட்டங்களில் பலர் சொல்வார்கள். வெட்டுப்புள்ளி பல பாடநெறிகளுக்குக் குறைவுதான். லேசா என்பது வேறு கதை.

அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. 55 சதவீதம் சனத்தொகைக்கு ஏற்ப 25 மாவட்டங்களுக்கும் பிரிகிறது. மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அதில் அடக்கம். கோட்டா என்பது இந்த மாவட்ட ஒதுக்கீடுகள்தான். உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளியை வைத்து மாவட்டத்துக்குள் வரிசை போடுகிறார்கள்.

அந்த வரிசை மாவட்டத்துக்கு உரியது, தோட்டத்துக்கு அல்ல. வலப்பனைக் கிராமத்துப் பிள்ளையும், நுவரெலியா டவுனில் உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளையும், நோர்வூட் லயத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்த வரிசைக்கே வந்து சேர்வதில்லை. பாடசாலையின் வகைதான் காரணம். வகை 3 என்றால் பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு சரி. வகை 2 என்றால் சாதாரண தரம் வரை. 1சி பாடசாலையில் உயர்தரம் உண்டு, ஆனால் விஞ்ஞானம், கணிதப் பிரிவுகள் இல்லை, அவை 1ஏபியில்தான். ஹட்டன் ஹைலண்ட்ஸ் போன்ற தமிழ்மொழி 1ஏபி பாடசாலைகள் சொற்பம், அவையும் பெரும்பாலும் நகரத்தை ஒட்டியவை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களின் பிற்பகுதியில்தான். அதுவரை பலவற்றில் ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடிவு.

சாதாரண தரத்தில் கணிதத்துக்கு 'ஏ' எடுத்த பிள்ளை தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கிறாள் என்று வையுங்கள். விடியுமுன் இறங்கி ரோட்டுக்கு வந்து பஸ் பிடிக்க வேண்டும். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் பௌதிகவியல் டியூஷன். திரும்பி ஏறும்போது இருட்டிவிடும். பஸ் காசும் டியூஷன் காசும் அம்மா பறிக்கும் கொழுந்திலிருந்து வர வேண்டும். "பக்கத்து ஸ்கூல்ல ஆர்ட்ஸ் படியேன்மா" என்று வீட்டில் சொல்வது அக்கறை இல்லாமலா? அந்த நிமிடமே மருத்துவமும் பொறியியலும் கைநழுவிவிடுகின்றன. கோட்டா இதில் எதுவும் செய்ய முடியாது.

இன்னொரு சிக்கல். விஞ்ஞானம் தேடிக் கண்டிக்குப் போகும் பிள்ளை கண்டி மாவட்டத்துப் பிள்ளையாகக் கணிக்கப்படலாம். பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எந்த மாவட்டத்தில் படித்தார் என்பதே முக்கியம். வசதியுள்ள வெளிமாவட்டத்தார் இங்கே வந்து பரீட்சை எழுதுவதைத் தடுக்க உதவும் விதி இது. நியாயமான விதிதான், ஆனால் பாடப்பிரிவு இல்லாததால் ஊரைவிட்டுப் போனவரையும் அதே விதி பிடிக்கிறது.

இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம் இல்லை. தகுதி பெற்றால் மகாபொல புலமைப்பரிசில் உண்டு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது மாதம் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. விடுதி, சாப்பாடு, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் அது காணாது என்பது பெற்றோருக்குத் தெரியும்.

என்னைக் கேட்டால், கோட்டாவைக் கூட்டச் சொல்வதற்கு முன் தோட்டப்பகுதி 1சி பாடசாலைகளுக்குப் பௌதிகவியல், இணைந்த கணித ஆசிரியர்களைக் கேட்க வேண்டும். பெற்றோரும் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே பாடசாலையின் வகையை அதிபரிடம் விசாரியுங்கள். மாவட்டம் மாற்றுவதானால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைத் தமிழில் வாங்கிப் படித்துவிட்டு மாற்றுங்கள்.