டெண்டர் எடுத்தவர் ஒருவர், வேலை பார்ப்பவர் இன்னொருவர்: சப்-கான்ட்ராக்டர் பெயர் ஏன் வெளியே தெரிவதில்லை?

குஜராத்தின் மோர்பி நகரில், மச்சு ஆற்றின் மேல் இருந்த தொங்குபாலம் 2022 அக்டோபர் 30 மாலை அறுந்து விழுந்தது. 135 பேர் இறந்தார்கள். பழுதுபார்ப்பு முடிந்து பாலம் திறக்கப்பட்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

அந்தப் பாலத்தைப் பராமரிக்கும் பொறுப்பை மோர்பி நகராட்சி 15 ஆண்டுகளுக்கு ஒரேவா குழுமத்திடம் கொடுத்திருந்தது. சுவர்க் கடிகாரம், பல்பு தயாரிப்பில் பேர் வாங்கிய நிறுவனம் அது. டெண்டர் விடப்படவில்லை. ஒரேவாவும் பழுதுபார்க்கும் வேலையை தேவ்பிரகாஷ் சொல்யூஷன்ஸ் என்ற சிறிய நிறுவனத்திடம் கைமாற்றியது. இந்த வேலைக்கு அந்த நிறுவனம் தகுதியானதே அல்ல என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. பாலத்தின் பிரதான வடத்தில் இருந்த 49 கம்பிகளில் 22 துருப்பிடித்திருந்தன என்று சிறப்புப் புலனாய்வுக் குழு பிறகு கண்டறிந்தது.

அன்று டிக்கெட் வாங்கிப் பாலத்தில் ஏறியவர்களில் எத்தனை பேருக்கு அந்த இரண்டாவது நிறுவனத்தின் பெயர் தெரிந்திருக்கும்?

சப்-கான்ட்ராக்ட் என்றாலே தப்பா?

இல்லை. ஒரு மேம்பாலம் கட்ட பைலிங்குக்கு ஒரு குழு, மின்வேலைக்கு ஒரு குழு, பெயின்டிங்குக்கு ஒரு குழு தேவை. எல்லா வேலைக்கும் ஆளும் மெஷினும் வைத்திருக்கும் நிறுவனம் குறைவு. அதனால் ஒரு பகுதியை வெளியே கொடுப்பது சகஜம். இதில் ஒளிவுமறைவு வரும்போதுதான் சிக்கல்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்க்கலாம். அரசு 100 ரூபாய்க்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது. எடுத்தவர் 15 ரூபாயைத் தன் பங்காக வைத்துக்கொண்டு 85க்கு அடுத்தவரிடம் தள்ளுகிறார். அவர் 72க்கு இன்னொருவரிடம் தள்ளுகிறார். சிமென்ட் விலையும் கம்பி விலையும் யாருக்காகவும் குறையப்போவதில்லை. அப்போ எது குறையும்? கலவையில் சிமென்ட், கம்பியின் கனம், தொழிலாளியின் கூலி. ஆனால் அரசுக் கணக்கில் அது 100 ரூபாய் வேலையாகத்தான் இருக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கறுப்புப் பட்டியலில் உள்ள நிறுவனம் டெண்டரில் கலந்துகொள்ள முடியாது; சப்-கான்ட்ராக்டராகப் பின்வாசல் வழியே வந்துவிடலாம். டெண்டரில் 'தோற்ற' நிறுவனமே பிறகு அதே வேலையை வாங்கிச் செய்தால், போட்டியே நாடகமோ என்று சந்தேகிக்க வேண்டியிருக்கும். கூட்டுச் சேர்ந்து விலை பேசுவதற்கான அறிகுறிகளில் ஒன்றாக உலகம் முழுக்க இதைப் பார்க்கிறார்கள்.

நம்ம ஊர்ல எதுவரை தெரியும்?

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. டெண்டர் யாருக்குக் கிடைத்தது, மற்றவர்கள் ஏன் நிராகரிக்கப்பட்டார்கள் என்ற விவரத்தை டெண்டர் அறிக்கையிதழுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அது. மாநில அரசின் மின் டெண்டர் இணையதளத்தில் அறிவிப்புகளையும் முடிவுகளையும் செல்போனிலேயே தேடலாம்.

மத்திய அரசும் 2013இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. யாருக்கு ஒப்பந்தம், என்ன விலை, மொத்தத் தொகை எவ்வளவு என்பதைத் துறைகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்றது.

இதெல்லாம் முதல் படி வரைக்கும்தான். பணியிடத்தில் நிற்கும் போர்டில்கூட வேலையின் பெயர், மதிப்பீடு, ஒப்பந்ததாரர் பெயர் இருக்கும். அந்த ஒப்பந்ததாரர் யாரிடம் வேலையைக் கொடுத்தார் என்பது இருக்காது.

ஆனால் அரசிடம் அந்தப் பெயரே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உதாரணமாக, மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில் 21ஆவது பிரிவு, பொறுப்புப் பொறியாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் வேலையை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. அனுமதி கொடுத்திருந்தால் கோப்பில் ஒரு கடிதம் இருந்தாக வேண்டும். அந்தக் கடிதம் கோப்பை விட்டு வெளியே வராததுதான் பிரச்சினை.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் 2006இல் ஒரு சட்டம் வந்தது. அப்போது செனட்டர்களாக இருந்த டாம் கோபர்னும் பராக் ஒபாமாவும், அதாவது எதிரெதிர்க் கட்சிக்காரர்கள், சேர்ந்து கொண்டுவந்தது. வெளிப்படைத்தன்மைக்கான அந்த மசோதாவையே ஒரு செனட்டர் பெயர் சொல்லாமல் நிறுத்திவைத்து, பிறகு அம்பலமானது தனிக்கதை. 2007 டிசம்பரில் அரசின் செலவுகளைத் தேடிப் பார்க்கும் இணையதளம் வந்தது. 2010 முதல், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட துணை ஒப்பந்தங்களை முதன்மை ஒப்பந்ததாரரே பதிவுசெய்ய வேண்டும் என்றானது.

அங்கேயும் ஓட்டை இருக்கிறது. முதல் அடுக்குத் துணை ஒப்பந்தம் வரைதான் கணக்கு. அதற்குக் கீழே மூன்றாவது, நான்காவது கை இருந்தால் தெரியாது. பதிவுசெய்பவரும் ஒப்பந்ததாரரே என்பதால் விடுபடல்களும் பிழைகளும் வருகின்றன.

ஸ்லோவாக்கியா இன்னும் கறாரானது. 2011 முதல், அரசு ஒப்பந்தம் இணையத்தில் வெளியாகும்வரை நடைமுறைக்கே வராது. 2017 முதல், குறிப்பிட்ட தொகைக்கு மேல் அரசுப் பணம் பெறும் நிறுவனங்கள் தங்கள் உண்மையான உரிமையாளர் யார் என்று பதிவுசெய்ய வேண்டும். துணை ஒப்பந்ததாரர்களுக்கும் இது பொருந்தும்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

உங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். கேட்க வேண்டியவை:

• ஒப்பந்தத்தின் நகலும் பணி ஆணையின் நகலும்.

• வேலையின் ஏதாவது ஒரு பகுதியைத் துணை ஒப்பந்தமாகக் கொடுக்க அனுமதி தரப்பட்டதா? தந்திருந்தால் அந்தக் கடிதத்தின் நகல்.

• எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் நகல். இதுவரை பட்டுவாடா செய்த தொகை.

இரண்டாவது கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும் பயன் உண்டு. 'அனுமதி தந்தோம்' என்றால் பெயர் கிடைத்துவிடும். 'அனுமதி தரவில்லை' என்று பதில் வந்து, களத்தில் வேறு நிறுவனம் வேலை பார்த்தால், விதிமீறல் புகாருக்கு அந்தப் பதிலே ஆதாரம்.

'வணிக ரகசியம்' என்று சொல்லி, பிரிவு 8(1)(டி)யைக் காட்டி மறுக்க வாய்ப்பு உண்டு. அதே பிரிவிலேயே, பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்றும் இருக்கிறது. டெண்டர் முடிவான பிறகு அதில் ரகசியம் இல்லை என்று ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றமும் 2007இல் சொல்லியிருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பிரிவு 2(ஜே) வெறும் காகிதத்தோடு நிற்பதில்லை. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஒவ்வொருவரும் மனு போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நிரந்தரத் தீர்வாகாது. டெண்டர் இணையதளத்தில் வென்றவர் பெயருக்கு அருகே துணை ஒப்பந்ததாரர் பெயருக்கும் தொகைக்கும் இரண்டு கட்டங்கள் சேர்ப்பது பெரிய தொழில்நுட்ப வேலை இல்லை. அந்த இரண்டு கட்டங்களும் வரும்வரை, கோப்பில் இருக்கும் கடிதத்தைக் கேட்டு வாங்குவதுதான் வழி.