ஆறாம் வகுப்பில் தொடங்கும் தேசிய அணி

2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் இந்தியப் பெண்கள் கால்பந்து அணி, தாய்லாந்து அணியை 2-1 என்ற கணக்கில் வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த சங்கீதா பாஸ்போர். 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடைபெறும் ஆசியக் கோப்பைக்கு இந்த வெற்றியால் நாம் தகுதி பெற்றோம். தகுதிச் சுற்றில் ஆடி, வென்று, ஆசியக் கோப்பைக்குள் நம் பெண்கள் நுழைவது இதுவே முதல் முறை. திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இந்தச் செய்தியை வாசிக்க வைத்தேன். கூட்டம் கலைந்ததும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "மிஸ், நம்ம நாட்டுக்குப் பொண்ணுங்க டீம் கூட இருக்குதா?" என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரியாததில் வியப்பில்லை. 1962 ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணி தங்கம் வென்றதை வினாடி வினாவில் கேட்கிறோம். பெண்கள் அணி இரண்டு முறை ஆசியாவில் இரண்டாம் இடம் பெற்றதை எந்த வினாடி வினாவிலும் நான் கேட்டதில்லை.

இந்தியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு 1975இல் தொடங்கப்பட்டது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்போடு சேராமல் தனியாகவே இயங்கியது. பணமும் குறைவு, ஆட்டங்களும் குறைவு. ஆனாலும் 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா ஒன்றுக்கு இரண்டு அணிகளைக் களமிறக்கியது. அவற்றில் ஒன்று இறுதி ஆட்டம் வரை சென்று தைவானிடம் 0-2 எனத் தோற்றது. 1983இல் பாங்காக்கில் மீண்டும் இறுதி ஆட்டம்; இம்முறை தாய்லாந்திடம் தோல்வி. அதே ஆண்டு சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அப்படிப்பட்ட அணி எப்படிப் பின்தங்கியது? சமூக அறிவியல் ஆசிரியர்களும் வகுப்பில் எடுத்துப் பேசலாம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பெண்கள் கால்பந்தில் உலகமே தாமதமாகத்தான் தொடங்கியது. இங்கிலாந்தில் 1920 டிசம்பரில் ஒரு பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்பினர் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீடித்தது. கால்பந்தின் தாய்வீடு என்று நாம் சொல்லும் பிரேசிலில் 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடுவது சட்டப்படியே தடைசெய்யப்பட்டிருந்தது. ஆக, 1980இல் இந்தியா யாருக்கும் வெகுதூரம் பின்னால் இருக்கவில்லை.

அதன் பிறகு மாற்றத்தைக் கொண்டுவந்தவை பள்ளிகளும் கல்லூரிகளும்தான். அமெரிக்காவில் 1972இல் ஒரு கல்விச் சட்டம் வந்தது. மத்திய அரசின் நிதி பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். அதில் கால்பந்து என்ற சொல்லே இல்லை. ஆனால் பையன்களுக்கு மைதானமும் பயிற்சியாளரும் இருந்தால் பெண்களுக்கும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டது. சட்டம் வந்து 19 ஆண்டுகள் கழித்து, 1991இல் சீனாவில் முதல் பெண்கள் உலகக் கோப்பை நடந்தது. வென்றது அமெரிக்கா. அந்தக் களத்தில் இந்தியா இல்லை.

1990களின் தொடக்கத்தில் பெண்கள் கால்பந்து அகில இந்தியக் கூட்டமைப்பின் பொறுப்புக்கு வந்தது. நிலைமை சீராகும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் 2009இல், 18 மாதங்களுக்கு மேல் ஒரு பன்னாட்டு ஆட்டம்கூட ஆடவில்லை என்பதால் ஃபிஃபா தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்திய அணியின் பெயர் நீக்கப்பட்டது. ஆடித் தோற்றிருந்தால்கூட ஏதாவது ஓர் இடம் கிடைத்திருக்கும். ஓய்னம் பெம்பெம் தேவி போன்ற மணிப்பூர் வீராங்கனைகள் இந்தக் காலத்தையும் தாண்டி ஆடிக்கொண்டிருந்ததுதான் பெரிய விஷயம். பெம்பெமுக்கு அர்ஜுனா விருது கிடைத்ததே 2017இல்தான்.

2010 முதல் 2019 வரை நடந்த ஐந்து தெற்காசியக் கோப்பைகளையும் இந்தியாவே வென்றது. 2022இல் அந்தத் தொடரை முறித்தது வங்கதேசம். இந்தியாவை 3-0 என வீழ்த்தி, கோப்பையையும் கொண்டுபோனது. 2024இலும் அவர்களே வென்றார்கள். 2025 ஜூலையில் ஆசியக் கோப்பைக்கும் முதன்முறையாகத் தகுதி பெற்றார்கள்.

அவர்கள் செய்தது என்ன என்று தேடிப் படித்தபோது ஒரு தொடக்கப்பள்ளியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. மைமன்சிங் மாவட்டத்தில், எல்லையோரக் கிராமமான கல்சிந்தூரின் அரசுத் தொடக்கப்பள்ளி அது. 2011 வாக்கில் வங்கதேச அரசு, தொடக்கப்பள்ளிச் சிறுமிகளுக்கென நாடு தழுவிய கால்பந்துப் போட்டியைத் தொடங்கியது. பள்ளிகள் உள்ளூர் அளவில் ஆடி, மாவட்டம் தாண்டி, டாக்கா வரை போகலாம். கல்சிந்தூரில் ஆசிரியர்களே பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பள்ளி தேசிய அளவில் வென்றது. அங்கே பந்தைத் தொட்ட மரியா மான்டா, சஞ்சிதா அக்தர் போன்றவர்கள் பத்தே ஆண்டுகளில் தேசிய அணியில் இருந்தார்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதை இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விளையாட்டு என்றால் உயர்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. என்னிடம் ஒரு பெண் வரும்போது அவளுக்குப் பதினொரு வயது. பந்தைக் காலால் நிறுத்தும் பழக்கமும் பார்க்காமலே பந்து எங்கிருக்கிறது என்று உணர்வதும் அதற்கு முன்பே வந்திருந்தால் மீதி வேலை எளிது.

2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. புவனேசுவரத்தில் நம் அணி அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 எனத் தோற்றது. மூன்று ஆட்டங்களில் 16 கோல்கள் வாங்கி, ஒன்றும் அடிக்காமல் வெளியேறியது. அந்தப் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறு வயதிலிருந்து வாராவாரம் ஆடியவர்களுக்கு எதிராக, பயிற்சி முகாம்களில் தயாரானவர்களை நிறுத்தினால் இப்படித்தான் நடக்கும். முகாம் உடலை வலுவாக்கும். ஆட்டத்தில் எடுக்க வேண்டிய முடிவுகளை ஆடித்தான் கற்க முடியும். இந்தியப் பெண்கள் லீக் போட்டி தொடங்கியதே 2017இல்தான். அதுவும் பல பருவங்கள் ஒரே ஊரில் சில வாரங்களில் ஆடி முடிக்கப்பட்டது. சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி ஆடும் முறை 2023-24 பருவத்தில்தான் வந்தது.

தமிழ்நாட்டின் கதை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2023இல் மீண்டும் தமிழ்நாடு தேசிய சாம்பியன். இந்த அணிகளில் கடலூர் மாவட்டத்துப் பெண்கள் பலர். அவர்களில் ஒருவரான இந்துமதி கதிரேசன் நாட்டுக்காக ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். எங்கள் ஊரிலிருந்து கடலூர் அதிக தூரமில்லை. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று நான் கேட்டுக்கொள்வதுண்டு.

வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகம் இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் அலுவலக ஊராகத் தெரியும். என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கட்டட வேலை, பூக்கட்டு, தேங்காய்க்கடை, ஆட்டோ என்று ஓடும் வீட்டுப் பிள்ளைகள். ஆறாம் வகுப்பில் பந்தைப் போட்டால் இரண்டு அணி பிரிக்கும் அளவுக்குப் பெண்கள் வருவார்கள். ஒன்பதாம் வகுப்பில் விரல் விட்டு எண்ணிவிடலாம். இடையில் நடப்பது நம் எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் நீராட்டு முடிந்து பள்ளிக்குத் திரும்பும் பெண், மைதானத்துக்கு மட்டும் திரும்புவதில்லை.

போன ஆண்டு எட்டாம் வகுப்பில் நன்றாக ஆடிய ஒரு பெண்ணின் அம்மாவைச் சந்தித்தேன். "வயசுக்கு வந்த புள்ள டீச்சர். டவுசர் போட்டுக்கினு ஓடுனா நாலு பேரு பேச மாட்டாங்களா? கால் கீல் ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார். டவுசர் பிரச்சினையை உடனே தீர்த்தேன். டிராக் பேண்ட் போட்டு ஆடத் தடையில்லை. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருப்பதைச் சொல்லி, இந்துமதி காக்கிச் சீருடையில் இருக்கும் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அஞ்சு மணிக்குள்ள வூட்டுல இருக்கணும்" என்றார். அதிலிருந்து பெண்களுக்கான பயிற்சியைக் காலை ஏழரை மணிக்கு மாற்றிவிட்டேன். அவர் மகள் இப்போதும் ஆடுகிறாள். இதே பேச்சை இன்னும் இரண்டு வீடுகளில் பேசிப் பார்த்தேன், அங்கே பலிக்கவில்லை.

கால் ஒடியும் என்ற பயத்தைச் சிரித்துத் தள்ளக் கூடாது. பருவ வயதுப் பெண்களுக்கு முழங்கால் மூட்டு ஜவ்வு கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம். ஃபிஃபாவின் '11 பிளஸ்' என்ற தயார்ப்படுத்தும் பயிற்சி இதற்கு நல்ல காப்பு. நார்வேயில் பதின்ம வயதுப் பெண்களிடம் சோதித்தபோது காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கருவி எதுவும் வேண்டாம், 20 நிமிடம் போதும். மெதுவோட்டம், ஒற்றைக் காலில் நிற்றல், உட்கார்ந்து எழுதல், குதித்து இறங்குதல் எல்லாம் அதில் அடக்கம். இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்பதை மட்டும் உன்னிப்பாகப் பாருங்கள்.

முழு மைதானம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். கூடைப்பந்துக் களம் அளவு இடம், பக்கத்துக்கு ஐந்து பேர், கோலுக்குப் பதில் இரண்டிரண்டு செங்கல் போதும். பக்கத்துக்குப் பதினொரு பேர் ஆடும்போது பின்னால் நிற்கும் பெண்ணிடம் பந்து வருவதே அரிது. ஐவர் ஆட்டத்தில் ஒதுங்கி நிற்க இடமில்லை. தொடக்கப்பள்ளிக்கு 3 அல்லது 4 எண் பந்து வாங்குங்கள். 5 எண் பந்தை எட்டு வயதுக் குழந்தை உதைத்தால் வலிதான் மிஞ்சும். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கினார்களா என்றும் கவனியுங்கள். பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கி உட்காரும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் இரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் செவ்வாயும் வியாழனும் வேப்பமரத்துப் பக்கத்துப் பாதி மைதானம் பெண்களுக்கு. "அவங்க சும்மா பேசிட்டு நிக்கிறாங்க மிஸ்" என்று பையன்கள் புகார் சொன்னார்கள். முதல் இரண்டு வாரம் அது உண்மையும்கூட. ஒரு வேலையைப் புதிதாகப் பழகுபவர்கள் கூடி நின்று பேசத்தான் செய்வார்கள்.

எனக்கு இன்னும் பிடிபடாமல் இருப்பது ஆட்டங்களின் எண்ணிக்கை. குறுவட்டப் போட்டிக்குப் பெண்கள் கால்பந்தில் இரண்டு மூன்று பள்ளிகள்தான் அணி அனுப்புகின்றன. தோற்றால் ஒரே ஆட்டத்தோடு ஆண்டு முடிந்துவிடும். 18 மாதம் ஆடாமல் பட்டியலிலிருந்து விழுந்த தேசிய அணிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் இதில் அதிக வேறுபாடில்லை. அதனால் பக்கத்துப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் மூவரோடு பேசி, மாதம் ஒரு சனிக்கிழமை நட்புமுறை ஆட்டம் என்று வைத்திருக்கிறோம். கோப்பை இல்லை, சான்றிதழ் இல்லை. ஆட்டம் முடிந்தால் சுண்டல் உண்டு. இதுவரை மூன்று ஆட்டங்கள் ஆடியிருக்கிறோம். கார்த்திகை தீபத்தால் ஒன்று தள்ளிப்போனது. அடுத்ததற்குப் பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கிரிவலக் கூட்டத்தில் பதினான்கு பிள்ளைகளையும் பந்துப் பையையும் பேருந்தில் ஏற்ற முடியாது.