டியூஷன் எடுப்பவர்களுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை

புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் 2023-24 கல்வியாண்டில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. 2025-இல் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதல் தடவையாக பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை அந்த முறையில் எழுதினார்கள். தனியார் பள்ளிகளில் பல இன்னும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. ஆகவே முல்லா வீதியானாலும் சுல்தான்பேட்டையானாலும், ஒரே வீட்டில் அக்காவிடம் தமிழ்நாட்டுப் புத்தகமும் தம்பியிடம் என்.சி.இ.ஆர்.டி. புத்தகமும் இருப்பது இப்போது சாதாரணம்.

இதில் அதிகம் திண்டாடுவது மக்ரிபுக்குப் பிறகு வீட்டிலோ மதரஸா கூடத்திலோ பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண்கள்தான். ப்ளஸ் டூவோ டிகிரியோ முடித்திருப்பார்கள். ஆசிரியப் பயிற்சி பெற்றிருக்க மாட்டார்கள். தாங்கள் படித்தது ஒரு புத்தகம், சொல்லித்தர வேண்டியது ஆங்கிலத்தில் அச்சிட்ட வேறொரு புத்தகம். பிள்ளையோ வீட்டில் தமிழ் பேசி, தமிழில் யோசிக்கிறவன். இந்த இடைவெளியை யாரும் நிரப்பாவிட்டால் ஒன்பதாம் வகுப்பில் ஃபெயிலாகி, ஏதாவது கடைக்கு வேலைக்குப் போய்விடுவான். இது நாம் பார்க்காத கதையல்ல.

இந்தப் பெண்களுக்கு உதவக்கூடியவை இணையத்தில் ஏராளமாக, காசில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். போனைப் பிள்ளையின் கையில் கொடுத்து "வீடியோ பாத்துப் படி" என்பதற்காக இதை எழுதவில்லை. டீச்சர் முந்தின நாள் இரவு பார்த்து, தான் புரிந்துகொண்டு, மறுநாள் தன் வாயால் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு போன் போதும்.

முதல் வேலை, இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. என்.சி.இ.ஆர்.டி. தன் எல்லாப் பாடநூல்களையும் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உருது வழியில் படிக்கிறவர்களுக்கு உருதுப் பதிப்பும் உண்டு. தமிழ்நாடு அரசும் தன் பாடநூல்களைத் தமிழ் வழி, ஆங்கில வழி என இரண்டாகவும் இலவசமாகத் தருகிறது. நமக்கு மிகப் பெரிய வசதி இதில்தான் இருக்கிறது. ஒரே பாடம், ஒரே படம், ஒரே வரிசை. மொழி மட்டும் வேறு. எதிரொளிப்பு என்று தமிழ்ப் புத்தகத்தில் வரும் இடத்தில் ஆங்கிலப் புத்தகத்தில் ரிஃப்ளெக்‌ஷன் என்று இருக்கும். ஒளிச்சேர்க்கை ஃபோட்டோசிந்தசிஸ் ஆகும். விகிதமுறு எண்கள் ரேஷனல் நம்பர்ஸ் ஆகும். காசு கொடுத்து வாங்கும் எந்த அகராதியும் இவ்வளவு கச்சிதமாகப் பாடத்தோடு ஒட்டி வராது.

ஏழாம் வகுப்பு அறிவியலில் ஒளி பற்றிய பாடம் இரண்டு பாடத்திட்டத்திலும் இருக்கிறது. தம்பிக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் அது விளங்கவில்லை என்றால், தமிழ்நாட்டுத் தமிழ் வழிப் புத்தகத்தில் அதே விஷயத்தைப் படித்துக்காட்டி, பொருள் மனதில் பதிந்த பிறகு அவனுடைய புத்தகத்துக்குத் திரும்பலாம். எல்லாப் பாடமும் இப்படி வகுப்புக்கு வகுப்பு பொருந்தாது. சில தலைப்புகள் ஒரு வகுப்பு முன்னே பின்னே இருக்கும். பொருளடக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். தேர்வு ஆங்கிலத்தில்தான் என்பதை மறக்கக் கூடாது. தமிழில் புரிந்ததை ஆங்கிலத்தில் இரண்டு வரியாவது எழுத வைத்த பிறகே அந்தப் பாடத்தை முடிக்க வேண்டும். ஒரு நோட்டில் ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், பொருள் என்று மூன்று கோடு போட்டு நிரப்பிவந்தால் ஆண்டு முடிவில் அதுவே ஒரு வழிகாட்டி நூலாகிவிடும்.

அடுத்தது தீக்‌ஷா. மத்திய அரசு 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று தொடங்கிய தளம் இது. போனில் செயலியாகவும் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களின் ஓரத்தில் சதுரமாக ஒரு விரைவுக் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். பல வீடுகளில் அது என்ன என்றே தெரியாமல் பிள்ளைகள் பேனாவால் கிறுக்கிவைத்திருப்பார்கள். தீக்‌ஷா செயலியால் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்குரிய காணொளியோ பயிற்சியோ திறக்கும். செயலியில் எந்தப் பாடத்திட்டம், எந்த மொழி, எந்த வகுப்பு என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். சி.பி.எஸ்.இ. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே உள்ள தமிழ்க் காணொளிகளைப் பார்த்துத் தயாராகலாம். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை 2023-இல் வெளியிட்ட மணற்கேணி செயலியும், 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பாடங்களும் இதே வகையில் பயன்படும். பாடத்துக்கு எல்லைக் கோடு கிடையாது. கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம் எடுத்த வீடியோ இந்தப் பக்கமும் விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. என்.சி.இ.ஆர்.டி. 2024-இல் ஆறாம் வகுப்புக்கும், 2025-இல் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் புத்தகங்களையே மாற்றிவிட்டது. கணிதத்துக்கு 'கணித பிரகாஷ்', அறிவியலுக்கு 'கியூரியாசிட்டி' என்று பெயர். யூடியூபில் கொட்டிக் கிடக்கும் பாடங்களில் பெரும்பகுதி பழைய புத்தகத்துக்கு எடுத்தவை. 'ஏழாம் வகுப்பு, மூன்றாம் பாடம்' என்று தேடினால் வேறு ஏதோ வந்து நிற்கும். பாட எண்ணை வைத்துத் தேடாமல் பாடத்தின் தலைப்பை வைத்துத் தேட வேண்டும். அண்ணனின் பழைய புத்தகத்தைத் தம்பிக்குக் கொடுப்பவர்களும் இதைக் கவனிக்கவும்.

அறிவியலுக்கு 'ஃபெட்' என்ற தளத்தை அவசியம் பாருங்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பேட்டரி, பல்பு, ஒயர் எல்லாம் திரையில் இருக்கும். விரலால் இழுத்து இணைத்தால் பல்பு எரியும். தப்பாக இணைத்தால் திரையில் தீப்பிடிப்பதுபோல் காட்டும். வீட்டுச் சுவரில் செய்து பார்க்க முடியாத சோதனை இது. சில சோதனைகள் தமிழிலும் கிடைக்கின்றன. ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் ஜியோஜீப்ரா இருக்கிறது. தமிழ்நாட்டுக் கணிதப் புத்தகங்களில் 'இணையச் செயல்பாடு' என்று வரும் கட்டங்களில் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்தச் சொல்வார்கள். போன்கூட வேண்டாம் என்பவர்கள் அரவிந்த் குப்தாவின் தளத்தில் உள்ள தமிழ்க் காணொளிகளைப் பார்க்கலாம். தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய பாட்டில் இவற்றாலேயே அறிவியல் பொம்மைகள் செய்து காட்டுகிறார்.

சிறு பிள்ளைகளுக்கு வாசிப்பு வரவில்லை என்று கவலைப்படும் வீடுகளுக்கு 'ஸ்டோரிவீவர்'. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய இந்தத் தளத்தில் படக்கதைகள் தமிழ், உருது, ஆங்கிலம், பிரெஞ்சு எனப் பல மொழிகளில் உள்ளன. ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடுத்தடுத்துப் படிக்கலாம். எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு அச்சடித்தும் கொடுக்கலாம், அதற்கு அனுமதி இருக்கிறது. பிரான்ஸில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம்மில் நிறைய. அவர்களுக்கு டிவி5மோந்த் நடத்தும் பிரெஞ்சு கற்கும் தளம் இலவசம். அதில் ஆசிரியர்களுக்கென்றே ஆயத்தப் பாடக் குறிப்புகள் தனியாக இருக்கின்றன.

பாடம் இருக்கட்டும், சொல்லிக்கொடுக்கும் முறையை எங்கே கற்பது? மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் கல்வியியல் படிப்புகள் உள்ளன. படிக்கக் கட்டணமில்லை, சான்றிதழுக்காகத் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். கணினி வேலைகளைத் தமிழிலேயே கற்க ஐ.ஐ.டி. பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' மிக நல்லது. பாடங்கள் சிறியவை. கொஞ்சம் பார்த்து, நிறுத்தி, அதையே கணினியில் செய்து, பிறகு மேலே போகும்படி அமைத்திருக்கிறார்கள்.

இணையவழி ஆசிரியப் பயிற்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. பயிற்சி பெறாத ஆசிரியர்கள் 2019 மார்ச் 31-க்குள் தகுதி பெற வேண்டும் என்று 2017-இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தேசிய திறந்தநிலைப் பள்ளி ஸ்வயம் வழியாக நடத்திய பட்டயப் படிப்பில் பல லட்சம் ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். அதிலும்கூட வீடியோவோடு விடவில்லை. கல்வி மையங்களில் நேரடி வகுப்புகள் வைத்தார்கள். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துப் புதிய வேலையில் சேர முடியுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. எனவே, சகோதரிகளே, கற்றுக்கொள்வது வேறு, அரசு ஏற்கும் தகுதி வேறு. பள்ளியில் ஆசிரியராக வேண்டும் என்றால் என்.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற டி.எல்.எட். அல்லது பி.எட். படிப்புதான் வழி. 'ஆன்லைனில் ஒரே மாதத்தில் டீச்சர் டிரெயினிங்' என்று வாட்ஸ்அப்பில் வருவதற்குப் பணம் கட்டாதீர்கள்.

தனியாக உட்கார்ந்து படிப்பதைவிட, ஒரே தெருவில் டியூஷன் எடுக்கும் இரண்டு மூன்று பேர் வாரம் ஒருநாள் சேர்ந்து ஒரு காணொளியைப் பார்ப்பது நல்லது. பார்த்தபின் ஒருவர் அதை நடத்திக்காட்ட, மற்றவர்கள் பிள்ளைகளாக இருந்து கேள்வி கேட்கட்டும். இரண்டு தடவை இப்படிச் செய்தால் எங்கே தடுமாறுகிறோம் என்று தெரிந்துவிடும்.

'இலவசம்' என்று ஆரம்பித்துப் பிறகு கையெழுத்து வாங்கும் கம்பெனிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரில் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை அறிக்கையே வெளியிட்டது. இலவசம் என்று சொல்லி வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை வாங்கிவிடுகிறார்கள், கவனம் என்றது. கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்பார்கள். கட்டிமுடிக்கப் பார்த்தால் அது உங்கள் பெயரில் எடுத்த கடனாக, சில நேரம் வட்டியோடும் இருக்கும். மேலே சொன்ன தளங்களில் பாடம் பார்க்க வங்கி எண்ணோ ஏ.டி.எம். அட்டையோ வங்கி ஓ.டி.பி.யோ எதுவும் வேண்டாம். யாராவது கேட்டால் அது வேறு இடம் என்று புரிந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பாடக் குறிப்பு அனுப்ப வாட்ஸ்அப் குழு தொடங்கும் டீச்சர்கள், பிள்ளைகளின் எண்களைச் சேர்க்காமல் தாய்மார்களின் எண்களை மட்டும் சேருங்கள். குழுவில் அட்மின் மட்டுமே செய்தி போடும்படி அமைத்துவிடுங்கள். குழுவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் உங்கள் எண் தெரியும் என்பதால், முடிந்தால் அதற்கென்று தனி சிம் வைத்துக்கொள்வது நல்லது.