மூலைக்கு ஒரு கரண்டி

அப்புத்தளை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடைக்குள் ஜிப்சம் போட் அடித்து அறை பிரித்தாராம். சுவரில் ஒரு குறையும் இல்லை; உள்மூலையில் மட்டும் மேலிருந்து கீழாக மயிரிழை வெடிப்பு. பட்டி வைத்து மூடினாலும் மறுபடி வெடிக்கிறதாம்.

வெடிக்கத்தான் செய்யும். ஈரத்துக்கும் வெயிலுக்கும் போட்டைத் தாங்கும் மரச்சட்டம் அசையும்; மூலையில் சந்திக்கும் இரண்டு போட்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். காய்ந்த பட்டிக்கு அந்த இழுவையைத் தாங்கும் பலம் இல்லை. தாங்குவது நடுவில் மடிப்பு விழுந்த காகித டேப்தான். ஆகவே வெடிப்பைச் சுரண்டிவிட்டு, இரு பக்கமும் பட்டி பூசி, டேப்பை மடித்து வைத்து அமுக்க வேண்டும். அடியில் பட்டி படாத இடத்தில் டேப் கொப்புளமாக எழும்பும்.

அமுக்குவதற்கென்றே ஒரு மூலைக் கரண்டி உண்டு. அதன் கோணம்தான் எனக்குப் பிடித்த சங்கதி. மூலை 90 பாகை. கரண்டியோ ஏறக்குறைய 103 பாகை விரிந்திருக்கும். வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். மெல்லிய எஃகுத் தகடு மூலைக்குள் போனதும் ஒடுங்கும். ஒடுங்கியது விரியப் பார்க்கும். பசறை பஸ்ஸில் மூவர் சீட்டின் நடுவில் முழங்கையை அகட்டி உட்காருகிறவர் இரு பக்கமும் நெருக்குவதைப் போல, இரண்டு விளிம்பும் சுவரை அழுத்தும். விளிம்போரம் பட்டி மெலிந்து சுவரோடு கலந்துவிடும். மூலை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் தகடு வளைந்து கொடுக்கும். கோணல் இல்லாத மூலை நம் ஊரில் எத்தனை?

இந்தக் கரண்டி இல்லாத பாஸ்மார் சாதாரணத் தகட்டால் ஒரு பக்கம் இழுத்து, அது காய்ந்த பிறகு மறு பக்கம் இழுப்பார்கள். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் காய வேண்டுமே! ஐப்பசி தொடங்கி மார்கழி வரை ஊவாவில் மழையும் பனியும். நீர் வற்றிக் காயும் பட்டி, கொழும்பில் காய்கிற வேகத்தில் இங்கே காயாது. ஈரத்தின் மேல் அடுத்த பூச்சைப் போட்டால், பிறகு சுருங்கி வெடிக்கும்.

தகரக் கூரை ஒழுகும் வீட்டில் இதெல்லாம் வீண். போட்டின் காகிதம் நீரைக் குடித்துப் பூஞ்சணம் பிடிக்கும். முதலில் ஒழுக்கை அடையுங்கள். பாஸும் தன் பங்குக்குக் கரண்டியைக் கழுவி வைக்க வேண்டும். பட்டி காய்ந்து ஒட்டிய விளிம்பு சுவரைக் கீறும். ஆனாலும் மூலை வெடிப்பதற்கான பழி பெரும்பாலும் நம்முடையதே. பெயின்றுக்கு விலை பார்க்காத நாம், மூலை காய்வதற்கான நாளை 'சும்மா இருக்கிற நாள்' என்று கணக்குப் பார்த்து, பாஸின் கூலியிலும் கை வைக்கிறோம். அந்த நாளுக்கும் சேர்த்து முதலிலேயே கூலி பேசுங்கள்.