மஞ்சள் பையில் இரண்டு சீட்டு



வார்டில் ஜெபிக்கச் சென்றபோது, காரைக்குடிப் பக்கத்து அம்மா ஒருவர் தம் மஞ்சள் பையைத் திறந்து காட்டினார்கள். ஒரு டாக்டர் மனச்சோர்வுக்கு எழுதிய மாத்திரை. இன்னொருவர் முழங்கால் வலிக்கு எழுதிய டிரமடால். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது.

நான் போதகன், டாக்டர்கள் விளக்கியதையே எழுதுகிறேன். மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் மூளையில் செரட்டோனின் என்னும் பொருளின் வேலையைக் கூட்டுகின்றன. டிரமடாலும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் நடுக்கம், குழப்பம், கடுங்காய்ச்சல் வரலாம். அபூர்வமாக மரணமும் நேரும்.

அப்படி இறந்தவரின் உடலைத் திறந்தாலும் காரணம் கண்ணுக்குப் புலப்படாது. இரைப்பை, ஈரல், சிறுநீரகப் பகுதிகளை உப்புக் கரைசலில் இட்டு, இரத்தத்தோடு தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். (சென்னையில் இவ்வேலை 1849-லேயே தொடங்கிவிட்டது.) ஆனால் மரணத்துக்குப்பின் மருந்து உறுப்புகளிலிருந்து இதய இரத்தத்துக்குள் கசியும். ஆகவே தொடை இரத்தத்தையே பெரிதும் நம்புகிறார்கள்.

1984-ல் நியூயார்க்கில் லிபி சயன் என்ற 18 வயது மாணவி காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்ந்தாள். மனச்சோர்வுக்கு ஃபெனெல்சின் உட்கொண்டிருந்தவளுக்குப் பெத்திடின் ஊசி போட்டார்கள். சில மணி நேரத்தில் இறந்தாள். 1995-ல் தீர்ப்பு வந்தபோதும், அவள் உடலில் கொகைன் இருந்ததா என்ற வாதம் ஓயவில்லை.

நம் அம்மாவுக்கு டாக்டர் டிரமடாலை மாற்றிப் பாரசிட்டமால் எழுதினார். மனச்சோர்வு மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார். ஒரு கேள்வி அம்மாவிடமிருந்து வந்தது: "இருமல் மருந்தும் இருக்கு ஐயா, அதையும் காட்டணுமா?" காட்டத்தான் வேண்டும், சில இருமல் மருந்துகளும் இதே வேலையைச் செய்யும்.