தென்பெண்ணையில் பெங்களூரு கழிவுநீர்: அளக்காத நீருக்குத் திட்டம் எப்படி?

புதுதில்லி:
பெங்களூருவின் பழைய கண்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்த ரிச்சர்ட்ஸ் டவுனில் பொழியும் மழை தமிழகம் நோக்கியே வழிகிறது. நகரின் மேற்குப் பகுதி நீர் விருஷபாவதி வழியாகக் காவிரிப் படுகைக்குச் செல்ல, ரிச்சர்ட்ஸ் டவுன் உள்ளிட்ட கிழக்குப் பகுதியின் நீர் கால்வாய்கள், ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையைச் சேர்ந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையை வந்தடைகிறது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் இதே வழியில்தான் வருகிறது. அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்படும்போது மலைபோல் நுரை பொங்குவது ஓசூர் விவசாயிகளுக்குப் பழகிப்போன காட்சியாகிவிட்டது.

இதே படுகையிலுள்ள பெல்லந்தூர் ஏரி பலமுறை தீப்பற்றியதையடுத்து, 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசு 50 கோடி ரூபாயும், பெங்களூரு மாநகராட்சி 25 கோடி ரூபாயும் செலுத்த உத்தரவிட்டது. ஆனால் பணத்தால் மட்டும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. மொத்தக் கழிவுநீர் எவ்வளவு என்பதே உறுதியாகத் தெரியாது.

கணக்கில் வராத நீர்

வழங்கப்படும் நீரில் 80 சதவீதம் கழிவுநீராகும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. 2024 கோடையில் கர்நாடக அரசு அளித்த விவரப்படி, நகருக்கு நாள்தோறும் காவிரியிலிருந்து 147 கோடி லிட்டரும், ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து 65 கோடி லிட்டரும் கிடைத்தன. காவிரி நீரை மட்டும் வைத்துத் திட்டமிட்டால், நாளொன்றுக்கு 52 கோடி லிட்டர் கழிவுநீர் விடுபட்டுப் போகும். நிலத்தடி நீர்க் கணக்கும் மதிப்பீடுதான். ஒவ்வொரு கிணற்றிலும், லாரியிலும் மீட்டர் இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய காவிரி ஐந்தாம் கட்டத் திட்டத்தின் 77.5 கோடி லிட்டரும் முழுமையாக வழங்கப்பட்டால், மேலும் 62 கோடி லிட்டர் கழிவுநீர் சேரும்.

சராசரி போதாது

ஆற்றின் நீரோட்டமும் நிலையானதல்ல. கோடையில் கழிவைக் கரைக்க நன்னீர் இருக்காது. பெருமழையில் சாக்கடைக் குழாய்களுக்குள் மழைநீர் புகுந்து கழிவுநீர் வழிந்தோடும். ஆண்டுச் சராசரியை வைத்து வகுக்கப்படும் திட்டம் இவ்விரு காலங்களிலுமே தோற்றுவிடும். எனவே மிக மோசமான மாதத்தை அளவுகோலாகக் கொள்வதும், கால்வாய்களிலும் மாநில எல்லையிலும் நீரின் அளவையும் தரத்தையும் இடைவிடாது பதிவு செய்து திட்டத்தை ஆண்டுதோறும் திருத்துவதும் அவசியமாகிறது.

1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் மாநில வாரியங்களின் அதிகாரம் அந்தந்த மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. ஆறு அவ்வாறு நிற்பதில்லை. மேல்மடையில் திட்டமிடுவோரின் கணக்கு தவறினால், அதன் விலையைக் கடைமடை விவசாயியே கொடுக்கிறார். அந்த அளவீட்டுப் பதிவுகளை இரு மாநில மக்களும் அறியும்படி வெளியிடுவதே தீர்வின் முதல் படியாகும்.