செல்லப்பிராணி இறந்த துக்கத்தை எப்படித் தாங்குவது?

வீட்டில் ஒருவர் இறந்தால் சொந்தபந்தம் வந்து உட்காருகிறது. பதினாறாம் நாள் காரியம் வரை அழுதாலும் யாரும் தடுப்பதில்லை. பன்னிரண்டு வருடம் கூடவே வளர்ந்த நாய் இறந்தாலோ மறுநாளே வேலைக்குப் போக வேண்டும். "நாய்தானே, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் ஆறுதல். சுற்றியிருப்பவர்கள் துக்கமாகவே ஏற்றுக்கொள்ளாத இத்தகைய துக்கத்தைத் தனி வகையாக அடையாளம் காட்டி, அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-இல் நூல் வெளியிட்டார். சொல்லி அழ இடமில்லாத துக்கம் ஆற நாளாகும்.

இப்படித் துக்கப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; நாயின் நினைவைப் போற்றுவது நமக்குப் புதிதும் அல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. தொறுப்பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரையும் கல்வெட்டு சொல்கிறது.

ஏன் இவ்வளவு வலிக்கிறது?

நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். தாய்க்கும் சேய்க்கும் பிணைப்பை வளர்க்கும் அதே ஹார்மோன்தான் இது. போதாததற்கு, நம் அன்றாடமே அந்தப் பிராணியைச் சுற்றித்தான் ஓடியிருக்கும். காலையில் கை தானாகச் சங்கிலியைத் தேடும். சாப்பிடும்போது ஒரு வாய் சோறு ஒதுக்கி வைக்கும். அந்த நேரங்களில்தான் அழுகை பொங்கும். காலை நடையை விடாதீர்கள். வேண்டுமானால் தெருவை மாற்றிக்கொள்ளுங்கள். தட்டு, கழுத்துப்பட்டை எல்லாவற்றையும் அன்றே தூக்கி எறியவும் வேண்டாம்.

குற்ற உணர்ச்சி

"முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டியிருந்தா?" என்ற கேள்விதான் பலரைத் தூங்கவிடாது. பிராணிகள், குறிப்பாகப் பூனைகள், வலியை மறைப்பவை. பூனையின் சிறுநீரகம் பெரும்பகுதி செயலிழந்த பிறகே நோயின் அறிகுறிகள் கண்ணுக்குத் தெரியும். இன்று தெரிந்ததை வைத்து அன்றைய உங்களைத் தண்டிப்பது நியாயமில்லை.

கருணைக்கொலைக்குச் சம்மதித்தவர்களுக்கு இந்த வேதனை இன்னும் அதிகம். அதற்குப் போடும் ஊசி, அளவு மிகுந்த மயக்க மருந்து. முதலில் நினைவு போகும். அதன் பிறகே மூச்சும் இதயமும் நிற்கும். தீராத வலியிலிருந்து உங்கள் பிராணியை விடுவிக்கவே நீங்கள் சம்மதித்தீர்கள். மனம் ஆறாவிட்டால் அந்தக் கால்நடை மருத்துவரிடமே போய்க் கேளுங்கள்; நடந்ததை அவர் விளக்கினால் பாரம் கொஞ்சம் குறையும்.

விடைகொடுங்கள்

சடங்கு நமக்காகத்தான். புதைத்த இடத்தில் ஒரு செடி நடலாம். படம் வைத்து விளக்கேற்றலாம். அது செய்த சேட்டைகளை வீட்டோடு உட்கார்ந்து பேசலாம்.

குழந்தைகளிடம் "தூங்குது", "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லாதீர்கள். சின்னக் குழந்தை தூங்கவே பயப்படும், அல்லது வாசலில் காத்திருக்கும். "செத்துப்போச்சு, இனி வராது, உன்னால இல்ல" என்று நேராகச் சொல்லி, கூடவே இருங்கள். வீட்டில் இன்னொரு பிராணி இருந்தால் அதுவும் சாப்பிடாமல் தேடித் திரியலாம்; அதற்குச் சாப்பாடும் நடையும் வழக்கமான நேரத்தில் கிடைக்கட்டும். பூனை ஓரிரு நாள் எதையும் தொடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புதுக்குட்டி எப்போது? இறந்ததைப் போலவே இது இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு விலகிய பிறகு. அதற்கு நாள் கணக்கு கிடையாது.

வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனால், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், தாமதிக்காதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அக்கம்பக்கத்தில் யாராவது இப்படித் தவித்தால், இறந்த பிராணியின் பெயரைச் சொல்லி, "எப்படி வளர்த்தீங்க?" என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தால் அதுவே பெரிய உதவி.